கா

ஆசைப்பட்டுப் போகவில்லை.
ஒப்பந்தம் புதுப்பிக்கச் சான்றிதழ் கேட்டார்கள்.
சேன் பியேரில் இருட்டோடு பஸ் ஏறி
கடலோரச் சாலையில் ஊர்ந்து ஊர்ந்து
சேன் தெனியில் இறங்கியபோது
காலைக் காப்பி தீர்ந்திருந்தது.

மூன்று நாள், இருபத்தொரு மணி நேரம்.
தரவுக்குப் பெயர் வைப்பது, அடுக்குவது, பூட்டுவது,
சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது.
'கடைசி', 'கடைசி இரண்டு', 'இதுதான் கடைசி' என்று
யாரெல்லாம் கோப்புக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள்?
மதாம் திழூ கேட்டதும் அறையே கை தூக்கியது.
போதும்பொண்ணு என்று பெயர் வைத்த பிறகும்
இரண்டு தங்கைகள் பிறந்த காரைக்கால் வீடு எங்களுடையது.
மற்றவர்களைவிட நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

இரண்டாம் நாள் மதியம்
பக்கத்து இருக்கையோடு கோப்பை மாற்றிக்கொள்ளச் சொன்னார்.
நீங்கள் பேசக் கூடாது, கோப்புதான் பேச வேண்டும்.
எனக்கு லொரீனாவின் கடலாமைகள் வந்தன.
அவளுக்கு என் கொசுக்கள்:
சேன் லூயி, கோல் ஆலைப் பக்கம்,
நாற்பது பொறி, வாரம் ஓர் எண்ணிக்கை, 2012.

கால் மணி நேரத்தில் விதியை அவள்தான் மீறினாள்.
"இது என்ன நிரல்? வெறும் K என்று?"

பிரெஞ்சில் அதைக் 'கா' என்பார்கள்.
சில கட்டங்களில் ஒன்று. மிச்சமெல்லாம் வெற்று.
வெற்று என்றால் இல்லையா, பார்க்கவில்லையா?
உள்ளிட்டவர் பெயர் என்ற இடத்தில்
என் பெயர்.

ஓரெழுத்து ஒருமொழி, ஏழாம் வகுப்பு:
கா என்றால் சோலை.
கா என்றால் காப்பாற்று.
எனக்கு அப்போது இரண்டாவது பொருள்தான் வேண்டியிருந்தது.

காற்றா? கழிவுநீரா? கதவு பூட்டிய வீடா?
அந்த வருடத்து நோட்டுகள்
அலுவலகம் மாறியபோது எந்தப் பெட்டியோடோ போய்விட்டன.
இரவு எத்தான் சலேக்குப் போன் போட்டேன்.
எங்கள் ஜீப் ஓட்டிய மர்தெமுத்து,
ஓய்வு பெற்று ஏழு வருடம்,
ஒரு நொடி யோசிக்கவில்லை.

"கப்ரி!"
ஆடு. கிரியோலில் எழுதினால் அந்த எழுத்துதான் முதலில்.
"காளி பூசை வரும்போது வாசலுக்கு வாசல் கட்டுவார்கள்.
பொறிக்குப் பக்கத்தில் இருந்தால் குறித்துக்கொள் என்று
நான்தானே சொன்னேன்?
உயிருள்ள ரத்தம் அங்கே நிற்கும்போது
உன் டப்பாவுக்குள் எந்தக் கொசு வரும்?
அது சரி, அந்த ஆடெல்லாம் குழம்பாகி
இத்தனை வருஷம் ஆச்சு, இப்போ என்ன?"

இப்போ என்னவென்றால்,
அந்த வருட அறிக்கையில் நான்காம் படம்.
மருந்தடித்த ஐந்து வாரத்தில் கொசு பாதியானது.
ஆசிரியர் வரிசையில் மூன்றாவது நான்.
அந்த வாரங்களைத் திறந்து பார்த்தேன்.
கா. கா. கா கா.
காக்கை கத்துவதுபோல் வரிசையாக.
நாங்கள் கைதட்டிய அந்தப் பள்ளத்தில்
ஓர் ஆடு நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள்
ஒவ்வொரு நிரலுக்கும் விளக்கம் எழுதச் சொன்னார்கள்.
"K: பொறிக்கு ஐந்து மீட்டருக்குள் ஆடு.
வெற்றுக் கட்டம்: தெரியாது.
ஆதாரம்: ஓட்டுநர் மர்தெமுத்து, தொலைபேசி, இரவு ஒன்பதே கால்."
மதாம் திழூ குனிந்து படித்தார்.
"ஐந்து மீட்டர் என்று அவர் சொன்னாரா?"
சொல்லவில்லை. நானாகப் போட்டது.
கயிறு எட்டும் தூரம் என்றார் அவர்.
"அப்படியானால் அதையே எழுதுங்கள்."
அடித்துவிட்டு எழுதினேன்:
கயிறு எட்டும் தூரம்.

திரும்பும் பஸ்ஸில்
மடியில் சான்றிதழ், முத்திரை இன்னும் காயவில்லை.
கைபேசியில் முதல் ஆசிரியருக்கு ஒரு கடிதம்.
பொருள் என்ற இடத்தில்
'நான்காம் படம் பற்றி' என்று மட்டும் அடித்திருந்தேன்.
சேன் லேயு தாண்டியது. அடுத்த சொல் வரவில்லை.
ஜன்னலில் கோல் ஆலையின் புகைபோக்கி வந்தது,
போனது.